சிக்கிய காசு, பிரா கம்பி: ஃபில்டர் வழியா, ஹீட்டர் துளை வழியா?

ஃபிரன்ட் லோடு வாஷிங் மெஷினில் காசோ பிரா கம்பியோ சிக்கினால், முதலில் சத்தத்தைக் கேளுங்கள். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கடகடவென்றால் பொருள் பம்பில் இருக்கிறது; அதற்கு பம்பின் ஃபில்டர் வழி. டிரம்மைக் கையால் சுற்றும்போதே கீறினால், டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவில்; அதற்கு, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரைக் கழற்றிய துளை வழி. எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டே தொடங்க வேண்டும்.

வேலை
ஃபில்டர்: முன்பக்கக் கீழ் மூடியைத் திறந்து, வழியும் தண்ணீருக்குத் தட்டையான தட்டும் துணியும் வைத்து, ஃபில்டரைத் திருகிக் கழற்ற வேண்டும்; பத்து நிமிடம். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள்.
ஹீட்டர்: பல மாடல்களில் பின்பலகையைக் கழற்ற வேண்டும், சிலவற்றில் முன்பலகையை. ஒயர்களைப் படமெடுத்துவிட்டு, நடு நட்டைத் தளர்த்தி, போல்ட்டை உள்ளே தட்டினால் ஹீட்டரைப் பிடித்திருக்கும் ரப்பர் இளகி ஹீட்டர் வெளியே வரும். அந்தத் துளைக்குள் டார்ச் அடித்து, நீள மூக்குக் குறடால் எடுக்கலாம்.

செலவு
ஃபில்டர்: இல்லை.
ஹீட்டர்: மெக்கானிக் கூலி. ரப்பர் வெடித்திருந்தால் அதுவும்.

சொதப்பும் இடம்
ஃபில்டர்: திரும்ப மாட்டும்போது மரை கோணலாக ஏறினால் ஒழுகும்.
ஹீட்டர்: திரும்பப் பொருத்தும்போது உள்ளிருக்கும் கிளிப்பில் அதன் நுனி மாட்டாவிட்டால் டிரம்மில் உரசும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

காசு, ஊக்கு, பொத்தானுக்குப் பல நேரம் ஃபில்டர் போதும். கம்பிக்குப் பெரும்பாலும் ஹீட்டர் துளைதான் வழி; தள்ளிப்போட்டால் தொட்டியையே ஓட்டையாக்கலாம்.