"1966 அசல் ரேஸ் படகு" என்று சொல்லி 18,500 டாலரைப் பிடுங்கிவிட்டார்கள் – பழைய ஃபைபர்கிளாஸ் படகு வாங்க நினைப்பவர்கள் படிக்கவும்

18,500 டாலர். போன மாதம் வரை என் கணக்கில் இருந்த பணம். இன்று அது ஃபோர்ட் லாடர்டேல் பக்கம் பழைய படகுகளைப் புதுப்பித்து விற்கும் ஒரு பட்டறைக்காரரிடம் இருக்கிறது. என் வீட்டு வாசலில் டிரெய்லர் மேல் ஒரு போலிப் படகு நிற்கிறது. நேற்றுதான் சர்வேயரின் (படகைச் சோதித்து நிலையைச் சொல்பவர்) அறிக்கை வந்தது. ஆறப்போட்டால் எழுதவே மாட்டேன், அதனால் சூட்டோடு எழுதுகிறேன். ஃப்ளோரிடாவில் நம்மவர்கள் பலர் இப்போது படகு வாங்குகிறார்கள். பழைய ரேஸ் படகு மேல் ஆசை உள்ளவர்கள் முழுசாகப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அறுபது வருஷத்துப் படகுக்கு ஏன் இவ்வளவு பணம் என்று கேட்பீர்கள். 1956-ல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவுக்கு மோட்டார் படகுப் பந்தயம் தொடங்கியது. நடுவில் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம். வடக்கிலிருந்து காற்று எதிர்த்து அடித்தால் அலை சுவராக எழும்பும். அந்தக் காலத்து வேகப் படகுகளுக்கு அடிப்பாகம் பின்னால் போகப் போகத் தட்டையாகிவிடும். அலையில் அறைந்து அறைந்து உள்ளே இருப்பவர் முதுகெலும்பைப் பதம்பார்க்கும். 1960 பந்தயத்துக்கு ரிச்சர்ட் பெர்ட்ராம் 'மோப்பி' என்ற படகோடு வந்தார். ரே ஹன்ட் வரைந்த வடிவம். அணியத்தில் (முன்முனையில்) தொடங்கும் 'வி' வடிவம் அமரம் (பின்முனை) வரைக்கும் ஆழமாகவே போகும், பின்பலகையில்கூட 24 டிகிரி சரிவு இருக்கும். அன்று கடல் கொந்தளித்தது. மோப்பி அலையை அறையாமல் அறுத்துக்கொண்டு போய் முதலில் சேர்ந்தது. மற்றவர்கள் வெகு நேரம் கழித்துத்தான் வந்தார்கள்.

மோப்பி மரப்படகு. அடுத்த வருஷமே அந்த வடிவம் ஃபைபர்கிளாஸில் 'பெர்ட்ராம் 31' ஆக வந்தது. பலகை இணைப்பு பிளக்கும் பயம் இல்லை. ஒரு அச்சு இருந்தால் போதும், ஒரே மாதிரி எத்தனை படகு வேண்டுமானாலும் வார்க்கலாம். (இந்த அச்சு விஷயத்தை மனதில் வையுங்கள், என் பணம் போனதே இதில்தான்.)

பிறகு டான் அரோனோ. நியூ ஜெர்ஸியில் கட்டுமானத் தொழிலில் சம்பாதித்துவிட்டு மயாமிக்கு வந்தவர். 1962-ல் ஃபார்முலா, 1964-ல் டான்ஸி, 1966-ல் மேக்னம், அதற்குப் பிறகு சிகரெட் என்று ஒவ்வொரு கம்பெனியாகத் தொடங்கி, அந்தப் படகுகளைப் பந்தயத்தில் ஓட்டிப் பெயர் வாங்கி, விற்றுவிட்டு அடுத்ததற்குப் போனார். வடகிழக்கு 188-வது தெரு முழுக்க வேகப் படகுப் பட்டறைகள். 1987-ல் அதே தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய டான்ஸி 16 எனக்குப் பல வருஷக் கனவு. ஜிம் வின், வால்ட் வால்டர்ஸ் இருவரும் வடிவமைத்தது. 1959-ல் வால்வோ பென்டா கொண்டுவந்த ஸ்டெர்ன் டிரைவுக்குப் (என்ஜின் படகுக்குள்ளே, உந்தும் பகுதி பின்பலகைக்கு வெளியே) பின்னால் இருந்த மூளையும் இதே வின்தான். வெறும் 16 அடி. அதற்குள் பெரிய கடலைத் தாங்கும் ஹல் (படகின் உடற்கூடு). அந்த வளைவை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

பழைய படகுகளுக்கான ஒரு இணையச் சந்தையில் "1966, டான்ஸி 16, அசல் ஹல், பந்தய வரலாறு உண்டு" என்று விளம்பரம் வந்தது. நேரில் போனேன். பட்டறைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்ஜின் மூடியைத் திறந்துவிட்டு, "என்ன வேண்டுமோ பாருங்கள்" என்று ஒதுங்கி நின்றார். ஹல் எண் (தயாரிப்பாளர் பொறிக்கும் அடையாள எண்) எங்கே என்று கேட்டேன். சிரித்தார். "1972 நவம்பருக்கு முன்னால் செய்த படகு, நண்பரே. இதில் எப்படி அந்த 12 எழுத்து எண் இருக்கும்? மாநிலம் கொடுத்த எண்தான் இருக்கும்" என்று பத்திரத்தை நீட்டினார். அவர் சொன்ன விதி முழு உண்மை. 1972 நவம்பரில்தான் இங்கே அந்த எண் கட்டாயமானது. உண்மையான விதியைக் காட்டியே பொய்யை விற்றார் அந்த மனிதர்.

அப்புறம் ஒரு கோப்பை எடுத்தார். பழுப்பேறிய பந்தயப் படங்கள், ஒரு சர்வே அறிக்கை. 188-வது தெருவில் சின்னப் பையனாக ஃபைபர் துணி வெட்டிக் கொடுத்து வளர்ந்ததாகச் சொன்னார். பின்பலகையை விரல் முட்டியால் தட்டி, என்னையும் தட்டச் சொன்னார். கணீரென்று கேட்டது. "நாளைக்கு ஒஹாயோவிலிருந்து ஒருத்தர் பணத்தோடு வருகிறார். ஆனால் இவ்வளவு நாளில் அடிப்பாகத்தின் சரிவு எத்தனை டிகிரி என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். தெரிந்தவர் கைக்குப் போகட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தில் என்னை வாங்கிவிட்டார். அந்தச் சந்தையில் பாதுகாப்பான கட்டண வசதி இருந்தது. "அதற்குக் கமிஷன் தண்டம், வங்கியிலிருந்து நேராக அனுப்புங்கள், ஐநூறு குறைத்துக்கொள்கிறேன்" என்றார். 19,000 கேட்டது 18,500 ஆனது. அனுப்பினேன்.

காப்பீட்டுக்காக நானாக ஒரு சர்வேயரை அழைத்தபோதுதான் எல்லாம் உடைந்தது. பிளாஸ்டிக் சுத்தியால் ஓரங்களில் தட்டிக்கொண்டே வந்தார். நான் தட்டிய நடுப்பகுதி மட்டும் கணீர், மற்ற இடமெல்லாம் பொத்பொத்தென்று. ஈரமானி உச்சத்தில் நின்றது. சின்னதாகத் துளை போட்டார். கறுப்பாக, ஈரமாக, மக்கிய மரம் வந்தது. ஃபைபர்கிளாஸ் அழுகாது, சரி. ஆனால் பின்பலகைக்குள்ளும் ஸ்ட்ரிங்கருக்குள்ளும் (அடிப்பாகத்தைத் தாங்கும் நீளவாட்டுச் சட்டம்) ஒட்டுப்பலகை இருக்கிறது. திருகாணி ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் அதைத் தின்றுவிடும். என் படகில் தின்றுவிட்டது.

அதைவிட மோசம் அடுத்தது. பின்பலகையின் வலது மேல்மூலையில் பெயிண்ட் கனமாக இருப்பதைப் பார்த்துச் சுரண்டினார். பட்டிக்கு அடியில் 12 எழுத்து எண்! டான்ஸியின் குறியீடு இல்லை. வருஷம் 1978. யாரோ ஒரு டான்ஸி ஹல் மேல் அச்சு எடுத்து வார்த்த நகல் என்பது அவர் முடிவு. இங்கே இதை 'ஸ்பிளாஷ்' என்பார்கள். அந்தக் காலத்தில் பரவலாக நடந்தது. ஃப்ளோரிடா 1983-ல் இதைத் தடுக்கச் சட்டம் போட்டது. போனிட்டோ போட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-ல் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. படகு ஹல் வடிவத்துக்கு மத்தியச் சட்டப் பாதுகாப்பு 1998-ல்தான் வந்தது. நகலை நகல் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்குப் பேச்சே இல்லை. எண்ணைப் பட்டி பூசி மறைத்து, அசல் என்று 18,500 டாலருக்கு விற்றது அப்பட்டமான திருட்டு. எண்ணை மறைப்பதே இங்கே குற்றம்.

போன் செய்தேன். முதலில், "நம்பவே முடியவில்லை, நானே வந்து பார்க்கிறேன்." வரவில்லை. அப்புறம், "மெக்கானிக் விடுமுறையில் இருக்கிறார்." அப்புறம் போனை எடுத்த பெண், "அவர் கடலில் இருக்கிறார்." எப்போது அழைத்தாலும் கடலில்தான். கடைசியில் ஒரு குறுஞ்செய்தி: "இருந்தபடி விற்றது. ரசீதைப் படியுங்கள். அறுபது வருஷப் படகு இப்படித்தான் இருக்கும்." அறுபது வருஷப் படகே இல்லையே ஐயா அது!

இணையச் சந்தைக்காரர்கள் இன்னும் மோசம். "நாங்கள் விளம்பர இடம் மட்டுமே தருகிறோம்" என்று ஒரே பதிலை ஒட்டி ஒட்டி அனுப்புகிறார்கள். பணம் அவர்கள் வழியாகப் போகாததால் பாதுகாப்புத் திட்டம் செல்லாதாம். வங்கியில், பணத்தைப் பெற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்கிறார்கள். போலீஸில் "சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்". ஃப்ளோரிடாவில் சிறு வழக்குகளுக்கான வரம்பு 8,000 டாலர். என்னுடையது 18,500. அதனால் முறையான வழக்குதான், வக்கீல் செலவு தனி. பின்பலகையும் ஸ்ட்ரிங்கரும் மாற்றக் கேட்கும் கூலி அந்த நகலின் மதிப்பையே தாண்டுகிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், வக்கீலைப் பார்க்கக் கிளம்ப வேண்டும். அவசரமாகச் சில மட்டும். விற்பவர் காட்டும் சர்வே அறிக்கை வேண்டவே வேண்டாம், பணம் கொடுக்கும் முன்னால் உங்கள் சர்வேயரைக் கூட்டிப் போங்கள். வலது பின்மூலையில் பெயிண்ட் தடித்திருந்தால் சுரண்டிப் பார்க்க விடச் சொல்லுங்கள், மறுத்தால் நடையைக் கட்டுங்கள். அவர் தட்டிய இடத்தில் தட்டாதீர்கள். வங்கியிலிருந்து நேராக அனுப்பு என்றால் அனுப்பாதீர்கள்.

இன்று காலை அதே சந்தையில் அதே பட்டறையிலிருந்து இன்னொரு விளம்பரம் ஏறியிருக்கிறது. "1967, அசல் ஹல்." கூடவே எனக்குக் காட்டிய அதே பந்தயப் படங்கள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். எனக்குச் செய்தி அனுப்பினால் சர்வேயரின் அறிக்கையை அனுப்பி வைக்கிறேன்.