பிராங்க்பர்ட்டில் அலுவலக வேலை, வார இறுதியில் ஐரோப்பா: இருவருக்கு எந்த வழி கட்டுப்படியாகும்?

அலுவலக வேலையாக ஒருவர் நாலைந்து வாரம் பிராங்க்பர்ட் போகிறார், துணைவரும் கூடவே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுலாவுக்கென்றே கிளம்புகிறவர்களின் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. விமான டிக்கெட்டில் ஒன்றும் தங்கும் அறையும் நிறுவனத்தின் செலவு. இவர்களிடம் குறைவாக இருப்பது நேரம்தான். வெள்ளி மாலை 6 மணியிலிருந்து ஞாயிறு இரவு 11 வரை மொத்தம் 53 மணி நேரம். திங்கள் காலை மீட்டிங்கில் உட்கார்ந்தாக வேண்டும். அதனால் ரயில், பாஸ், விமானம், பேருந்து, கார் எதுவானாலும் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அந்த 53 மணியில் எவ்வளவு வழியிலேயே போகிறது? ஞாயிறு இரவு ஏதாவது தவறினால் யார் பொறுப்பு? டிக்கெட் விலையை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

முதலில் விசா. வேலைக்குப் போகிறவர் அழைப்புக் கடிதத்தோடு வணிக விசாவுக்கும், துணைவர் சுற்றுலா விசாவுக்கும் விண்ணப்பிப்பது வழக்கம். இரண்டும் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) சி வகை, அதாவது குறுகிய கால விசா. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. நிறுவனம் எடுத்துத்தரும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஊழியருக்கு மட்டும்தான். துணைவருக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குத் தனியாக எடுக்க வேண்டும். விசா ஒட்டியதும் தேதிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். தங்கக்கூடிய நாள்களின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கும், அதுதான் செல்லும். தேதிப்படி இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று ப்ராஜெக்ட்டை ஒரு வாரம் நீட்டி, நாள் எண்ணிக்கை தீர்ந்துபோய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது, தாராளமாகப் போகலாம். லண்டனும் டப்ளினும் ஷெங்கனுக்கு வெளியே. ஒருமுறை நுழைவு விசாவோடு அங்கே போனால் பிராங்க்பர்ட்டுக்குத் திரும்ப முடியாது.

இனி வழிகள். பிராங்க்பர்ட்டின் பெரிய பலம் அதன் மத்திய ரயில் நிலையம். அதிவேக ரயிலில் கொலோன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஸ்ட்ராஸ்பூர் ஏறத்தாழ இரண்டு மணி, ப்ரஸ்ஸல்ஸும் பாசெலும் மூன்று மணி அளவு, பாரிஸும் ஆம்ஸ்டர்டாமும் நான்கு மணி அளவு. இந்த வட்டத்துக்குள் விமானம் பேச்சுக்கே வரக்கூடாது. பாரிஸ் விமானம் வானில் இருப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் எஸ்-பான் என்ற புறநகர் ரயிலைப் பிடித்து விமான நிலையம் போய், ஒன்றரை மணி நேரம் முன்னதாக வரிசையில் நின்று, பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்கி, ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் நகருக்குள் வந்து சேர எப்படியும் நாலரை மணி நேரம் ஆகிவிடும். ரயில் உங்களை நேராக நகருக்குள் இருக்கும் கார் த லெஸ்ட் நிலையத்தில் இறக்கிவிடும்.

ரயில் என்று முடிவானதும் அடுத்த கேள்வி: முன்பதிவுச் சலுகை டிக்கெட்டா, பல நாட்டு ரயில்களிலும் செல்லும் யூரெய்ல் பாஸா? ஊரில் இருந்து கிளம்பும்போது பாஸ் என்றால் கவர்ச்சியாகத் தெரியும். அதே பாஸின் இன்னொரு வடிவமான இன்டர்ரெய்ல் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். குறுகிய கால விசாவில் போகிறவர்களுக்கு யூரெய்ல்தான். ஒரு மாதத்தில் நான்கு பயண நாள் தரும் இரண்டாம் வகுப்பு பாஸை வகுத்துப் பார்த்தால் ஒரு நாளுக்கு ஒருவருக்கு 70 யூரோ அளவில் வரும். நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஒரு பயண நாள். அதற்குள் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம். காலையில் ஒரு ஊர், மாலையில் இன்னொரு ஊர் என்று ஓடுகிறவருக்கு அது லாபம். வார இறுதிப் பயணிக்கோ வெள்ளி மாலை ஒரு ரயில், ஞாயிறு மாலை ஒரு ரயில், அவ்வளவுதான். இரண்டே ரயிலுக்கு இரண்டு பயண நாள் கரைந்துவிடும். இருவருக்கு ஒரு பாரிஸ் பயணம் 280 யூரோ, அதற்கு மேல் இருக்கைப் பதிவுக் கட்டணம். பாரிஸ் போகும் அதிவேக ரயில்களான டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ் வைத்திருந்தாலும் பதிவு கட்டாயம். பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகளும் குறைவு, வெள்ளி மாலை சீக்கிரமே தீர்ந்துவிடும்.

சலுகை டிக்கெட்டை ஐந்தாறு வாரம் முன்பே எடுத்தால் அதே பாரிஸுக்கு ஒருவழி 40 யூரோ அளவில் தொடங்கும். கடைசி வாரத்தில் 100ஐத் தாண்டிவிடும். எனவே தேதி உறுதியான பயணத்துக்குப் பாஸ் தேவையே இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ரயில்களில் பெரும்பாலும் பதிவு கட்டாயமில்லை. அதனால் வேலை முடிந்தபின் ஒரு வாரம் விடுப்பு எடுத்து முனிக், சால்ஸ்பர்க், வியன்னா, சூரிக் என்று சுற்றுகிறவர்கள் பாஸை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

சலுகை டிக்கெட்டின் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஜெர்மன் ரயில்வேயின் ஸ்பார்ப்ரைஸ், சூப்பர் ஸ்பார்ப்ரைஸ் இரண்டுமே குறிப்பிட்ட ரயிலுக்குத்தான் செல்லும். மீட்டிங் இழுத்துக்கொண்டே போய் ரயிலை விட்டால் பணம் போச்சு. முதல் வகையை முன்கூட்டி ரத்து செய்தால் கட்டணம் போக மிச்சம் வரும், இரண்டாவதில் ஒன்றும் வராது. ஆனால் தாமதம் ரயில்வேயின் பக்கம் என்றால் நிலைமை தலைகீழ். சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு 50 சதவீதம் கேட்டு வாங்கலாம். இந்த உரிமை கிடைக்க வேண்டுமானால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். கொலோன் வரை ஒன்று, அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு இன்னொன்று என்று பிரித்து எடுத்தால் சில யூரோ மிச்சமாகலாம். இணைப்பு ரயில் போய்விட்டால் இரண்டாவது டிக்கெட் வெறும் காகிதம். ஜெர்மன் அதிவேக ரயில்கள் தாமதமாவது அன்றாடச் செய்தி என்பதால் இதை லேசாக விடக்கூடாது.

வெள்ளி மாலையா, சனி அதிகாலையா? வெள்ளி மாலை ரயிலில் வீடு திரும்பும் அலுவலகக் கூட்டம் அதிகம், விலையும் அதிகம். பிராங்க்பர்ட்டில் அறை எப்படியும் இருக்கிறது. பாரிஸில் ஓர் இரவு கூடுதல் வாடகை எதற்கு? சனி காலை ஆறு மணி வாக்கில் கிளம்பினால் பத்து, பத்தரைக்கு அங்கே இருக்கலாம். மீட்டிங் இழுக்குமோ என்ற கவலையும் இல்லை. பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் சனி காலையே நல்லது. வியன்னா போல ஆறரை மணி நேரம் எடுக்கும் ஊர் என்றால் வெள்ளியே கிளம்பாமல் முடியாது.

பக்கத்து ஊர்களுக்கு இதையெல்லாம் யோசிக்கவே வேண்டியதில்லை, டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025ல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63. ஜெர்மனி முழுக்க ஆர்இ, ஆர்பி என்ற வட்டார ரயில்கள், எஸ்-பான், யு-பான் என்ற சுரங்க ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாம் ஒரு மாதத்துக்கு அடக்கம். ஐசிஇ, ஐசி என்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. அலுவலகம் போய்வர, விமான நிலையம் போகவும் இதுவே ஆகும். பகலில் தனியாக ஊர் சுற்றும் துணைவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. மைன்ஸ், வீஸ்பாடன், ஹைடல்பெர்க், வுர்ஸ்பர்க் எல்லாம் கூடுதல் காசில்லாமல் போய்வரலாம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இது காலண்டர் மாதக் கணக்கு. 20ஆம் தேதி வந்து அடுத்த மாதம் 18ல் கிளம்புகிறவருக்கு அது இரண்டு மாதக் கணக்கு, ஒவ்வொரு மாதத்திலும் எத்தனை நாள் பயன்படும் என்று பார்த்துவிட்டு எடுக்கட்டும். அடுத்தது, இது தானாகப் புதுப்பிக்கும் சந்தா. அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் ஊருக்குத் திரும்பிய பிறகும் அட்டையில் பணம் பிடிப்பார்கள். வாங்கிய அன்றே ரத்துக்கும் எழுதிவைப்பது நல்லது. பெயர் பொறித்த டிக்கெட் என்பதால் ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்த முடியாது. மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் சுற்றப் போகிறவர்களுக்கு ஐந்து பேர் வரை செல்லும், பிராங்க்பர்ட் இருக்கும் ஹெஸன் மாநிலத்தின் ஹெஸன் டிக்கெட் மலிவு. வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் அந்தத் தடை இல்லை.

இந்தச் சந்தா டிக்கெட்டில் கிடைக்கும் மிக அழகான நாள் ரைன் பள்ளத்தாக்குதான். மத்திய நிலையத்தில் ஆர்பி10 ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ரூடெஸ்ஹைம். போகும் திசையில் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், வீஸ்பாடன் தாண்டியதும் ஆறு அந்தப் பக்கம்தான் வரும். அங்கிருந்து கேடி நிறுவனத்தின் படகில் சாங்க்ட் கோவார் வரை போங்கள். இதற்குத் தனி டிக்கெட், ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் முழு அளவில் ஓடும். ஆற்றின் போக்கில் போவதால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். எதிர்த்திசையில் ஏறினால் நீரோட்டத்தை எதிர்த்து வர வேண்டும், கணிசமாக நேரம் பிடிக்கும். திசையை மாற்றிப் பிடித்து மாலை ரயிலைக் கோட்டைவிடுவது இங்கே வழக்கமாக நடக்கிறது. காவுப் அருகே ஆற்றின் நடுவில் நிற்கும் ஃபால்ஸ் கோட்டையும், 132 மீட்டர் உயர லோரெலைப் பாறையும் இந்தப் படகு வழியில்தான் வரும். 2002ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி இது. திரும்பும்போது சாங்க்ட் கோவாரில் ரயில் ஏறினால் மைன்ஸ் வரை மறுபடியும் இடப்பக்கம்தான் ஆறு. மைன்ஸ், வீஸ்பாடன் தாண்டினால் கோப்ளென்ஸ் வரை பாலமே கிடையாது. அக்கரைக்குப் போக வேண்டுமானால் ஓடம்தான்.

ஸ்ட்ராஸ்பூருக்கும் இந்த டிக்கெட்டில் ஒரு வழி உண்டு. கார்ல்ஸ்ரூஹ, ஆஃபென்பர்க் வழியாக எல்லை ஊரான கேல் வரை வட்டார ரயில். அங்கிருந்து 2017ல் நீட்டிக்கப்பட்ட டிராம் டி தடம், தனி டிக்கெட் எடுத்து ஏறினால் ஆற்றைக் கடந்து நகருக்குள் போய்விடலாம். ஆனால் நேரடி அதிவேக ரயிலைவிட இரட்டிப்பு நேரம். ஒரே நாளில் போய்வர நேரடி ரயில். நேரமும் பொறுமையும் இருந்தால் இது.

விமானம் ஜெயிப்பது எட்டு மணி நேர ரயில் தூரத்துக்கு அப்பால்: ரோம், பார்சலோனா, லிஸ்பன், ஏதன்ஸ். அதிலும் ஒரு திங்களோ வெள்ளியோ விடுப்பு கிடைத்தால்தான் போகலாம். மலிவு டிக்கெட்டில் பிராங்க்பர்ட் ஹான் என்று இருந்தால் நின்று யோசியுங்கள், அது நகரிலிருந்து 120 கிலோமீட்டர். பேருந்தில் போகவர மூன்றரை மணி நேரம் போய்விடும். கைப்பை அளவு மீறினால் வாயிலில் வசூலிக்கும் தொகை டிக்கெட்டைவிட அதிகமாகலாம். ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களின் கடவுச்சீட்டையும் விசாவையும் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே கவுன்ட்டரில் காட்டிச் சரிபார்க்கச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அதைச் செய்யாமல் நேராக வாயிலுக்குப் போனால் ஏற்ற மாட்டார்கள்.

ஃப்ளிக்ஸ்பஸ் விலையில் எல்லாவற்றையும் அடித்துவிடும். பாரிஸுக்கு ஏழெட்டு மணி நேரம், இரவுப் பேருந்தில் தூக்கம் பாதி. இளவயதினர் தாங்குவார்கள். ஞாயிறு இரவு ஏறித் திங்கள் காலை நேராக அலுவலகம் போவது யாருக்கும் நல்லதல்ல. நேரடி அதிவேக ரயில் இல்லாத பிராக் நகருக்கு மட்டும் பேருந்து ரயிலுக்குச் சளைத்ததல்ல.

கார் நகரங்களுக்கு வேண்டவே வேண்டாம். பிரான்ஸின் அல்ஸாஸ் திராட்சைக் கிராமங்கள், ஜெர்மனியின் கருங்காடு இவற்றுக்கு மட்டும். பிராங்க்பர்ட்டிலிருந்தே ஓட்டுவதற்குப் பதில் ஃப்ரைபர்க் வரை ரயிலில் போய் அங்கே எடுத்தால் ஓட்டும் அலுப்பு பாதி மிச்சம். நகரக் கிளைகள் சனி மதியமே மூடிவிடும், ஞாயிறு திறக்கவே திறக்காது. எடுக்கும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிவர வேண்டும். வைப்புத்தொகைக்கு ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டு பல இடங்களில் எடுபடாது. சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏறினால் 40 ஃபிராங்க் வருட ஒட்டுவில்லை கட்டாயம், ஒரு நாளைக்கென்று தனியாக விற்பதில்லை.

எந்த வழியில் போனாலும் அசல் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்பது பழைய நினைப்பு. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதிக்கிறது. ரயிலுக்குள் போலீஸ் ஏறிக் கேட்பார்கள், போனில் உள்ள படம் போதாது.

நாள்களைத் தேர்ந்தெடுக்கும்போது மூடும் கிழமைகளையும் பாருங்கள். திங்கள் விடுப்பு எடுத்துப் பாரிஸில் தங்கினால் ஓர்ஸே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் மூடியிருக்கும். லூவர் மூடுவது செவ்வாய். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு ஆறு வாரத்துக்கு முன்பே செவ்வாய்க்கிழமைகளில் இணையத்தில் மட்டும் டிக்கெட் விடுவார்கள், வாசலில் போய் நின்று பயனில்லை. ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் கிடையாது. பாலும் ரொட்டியும் வேண்டுமென்றால் ரயில் நிலையத்துக் கடைகள்தான். அக்டோபரில் புத்தகக் கண்காட்சி வாரத்தில் பிராங்க்பர்ட் அறை வாடகை எகிறும். அறையை இருவருக்கு மாற்றுவதாக இருந்தால் அதற்கு வெகு முன்பே விடுதியில் சொல்லித் துணைவர் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள்.

ஞாயிறு திரும்புவதற்குக் கடைசி ரயிலை எடுக்காதீர்கள். அதற்கு முந்தைய நேரடி ரயிலுக்கு எடுத்தால், அது ரத்தானாலும் அடுத்ததில் ஏறி நள்ளிரவுக்குள் பிராங்க்பர்ட் வந்துவிடலாம்.