குரோனா, ஸ்லோட்டியா?

1992 ஜூன் 20. சோவியத் ஒன்றியத்திலிருந்து முந்தைய ஆண்டுதான் பிரிந்த எஸ்தோனியாவில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். 1,500 சோவியத் ரூபிளைக் கொடுத்தால் நாட்டின் புது நாணயமான குரோன் 150 கிடைக்கும். அந்த விலைக்கு ஆளுக்கு அவ்வளவுதான்.

புது நாடு, புது நோட்டு. யார் நம்புவார்கள்? அதனால் 8 குரோன் ஒரு ஜெர்மன் மார்க் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கையிருப்பில் தங்கமோ அந்நியச் செலாவணியோ வந்தால்தான் புது நோட்டு அடிக்கலாம். நோட்டு அடிக்கும் வங்கி அரசுக்குக் கடன் கொடுக்கவும் முடியாது. இதற்கு நாணயச் சபை முறை என்று பெயர். 1950-ல் மத்திய வங்கி வரும்வரை இலங்கையிலும் இந்த முறைதான் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் தனி நாடாக இருந்தபோது எஸ்தோனியா வெளிநாட்டில் வைத்திருந்த தங்கம்தான் தொடக்கக் கையிருப்பு. அதில் தன்னிடம் இருந்ததை பிரிட்டன் 1967-லேயே விற்றுவிட்டது. 1992-ல் ஈடாகத் தங்கமே கொடுத்தது.

கம்யூனிச ஆட்சியிலிருந்து வெளிவந்த போலந்து வேறு வழியில் போனது. 1990 ஜனவரி 1 அன்று நிதியமைச்சர் லெஷெக் பால்செரோவிச் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார், மானியங்களை வெட்டினார், போலந்து நாணயமான ஸ்லோட்டியை டாலருக்கு 9,500 என்று நிறுத்தினார். அந்த ஒரே மாதத்தில் விலைவாசி ஏறக்குறைய 80 சதவீதம் ஏறியது. வேலையின்மை என்றால் என்னவென்றே தெரியாத ஊரில், 1991 முடிவதற்குள் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் வேலை இல்லை. தொழிலாளர் அமைச்சர் யாட்செக் கூரொன் ஏழைகளுக்கு சூப் ஊற்றினார். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கே மக்கள் அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த 9,500-ஐப் பிடித்துக்கொண்டே போலந்து உட்காரவில்லை. 1991 மே மாதம் மதிப்பைக் குறைத்தார்கள். அக்டோபரிலிருந்து, முன்கூட்டியே அறிவித்த அளவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். 2000 ஏப்ரலில் சந்தையிடமே விட்டுவிட்டார்கள்.

இரண்டு வழியிலும் பணவீக்கம் அடங்கியது. வித்தியாசம் 2008 நெருக்கடியில்தான் தெரிந்தது. எஸ்தோனியா நாணயத்தைத் தொடவில்லை, அடி முழுதும் சம்பளத்திலும் வேலையிலும் விழுந்தது. 2009-ல் பொருளாதாரம் சுமார் 14 சதவீதம் சுருங்கியது. 2010 தொடக்கத்தில் வேலையின்மை 20 சதவீதத்தை நெருங்கியது. அதையும் தாங்கிக்கொண்டு 2011-ல் யூரோவுக்குள் நுழைந்தார்கள். அந்த உறுதிக்கு நான் தலை வணங்குகிறேன். போலந்தில் ஸ்லோட்டி சரிந்தது, ஏற்றுமதி தாக்குப்பிடித்தது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ந்த ஒரே நாடு அதுதான். அதற்குப் பெரிய உள்நாட்டுச் சந்தையும் ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது.

சரி, எது மேல்? 1992-ல் எஸ்தோனியாவுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சொந்த நோட்டை நடத்திப் பழக்கமில்லாத அரசுக்கு அந்தக் கடிவாளம் வேண்டும். ஆனால் நம்பிக்கை வேரூன்றியபின் பிடியைத் தளர்த்தத் தெரிந்த போலந்துக்குத்தான் என் வாக்கு. அதிலும் அடிபட்டவர்கள் உண்டு. வட்டி குறைவு என்று சுவிஸ் பிராங்கில் வீட்டுக்கடன் வாங்கிய குடும்பங்கள், சம்பளம் ஸ்லோட்டியில் வர, ஸ்லோட்டி விழ விழ மாதத் தவணை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கடன்களுக்காக வங்கிகளோடு அவர்கள் நடத்திய வழக்குகள் பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஓயவில்லை.