நியூமோசிஸ்டிஸ் தடுப்பு: கோட்ரைமொக்சசோலா, டாப்சோனா?

எச்.ஐ.வி. தொற்றில் சிடி4 (நோயை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கியவர்களும் சிறுநீரகம் மாற்றியவர்களும் இந்தப் பூஞ்சை நிமோனியாவைத் தடுக்க எந்தக் குளிசை நல்லது என்று கேட்கிறார்கள்.

அளவு: கோட்ரைமொக்சசோல் வழக்கமாக நாளுக்கு 480 அல்லது 960 மி.கி.; டாப்சோன் 100 மி.கி.

காப்பு: முன்னது மூளையைத் தாக்கக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியையும் தடுக்கும். டாப்சோன் தனியாக அதற்குப் போதாது.

தொடங்குமுன்: டாப்சோனுக்கு ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) பரிசோதனை கட்டாயம். குறைபாடு இருந்தால் சிவப்பணுக்கள் உடையும்.

தொல்லை: கோட்ரைமொக்சசோலில் தோல் தடிப்பு, பொட்டாசியம் ஏற்றம். கூடவே டக்ரோலிமஸோ (மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் மருந்து) லொசார்டனோ (இரத்த அழுத்த மருந்து) எடுப்பவர், கொழும்பு வெயிலுக்கு அடிக்கடி செவ்விளநீர் குடித்தால் பொட்டாசியம் இன்னும் ஏறும், தயவுசெய்து கவனியுங்கள். டாப்சோனில் உதடு நீலம் பாரித்து, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி 85ஐ ஒட்டி நின்றால் உடனே ஆஸ்பத்திரி.

முதல் தெரிவு கோட்ரைமொக்சசோல்தான். ஒத்துக்கொள்ளாதவருக்கு டாப்சோன். தோல் உரிந்து வாய் புண்ணாகும் அளவுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு இரண்டும் வேண்டாம். வைத்தியரிடம் வேறு மருந்து கேளுங்கள்.