பூட்டானுக்கு "ஒரே வண்டி" என்றால் பணம் போடாதீங்க: 38,500 ரூபாய் போச்சு

முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. நாலு பேர், நாலு ராத்திரி. சிலிகுரி பக்கத்தில் இருக்கிற பாக்டோக்ரா ஏர்போர்ட்டில் ஒரே வண்டியில் ஏற்றி, திம்பு, பாரோ சுற்றிக் காட்டி, ஐந்தாம் நாள் மறுபடி பாக்டோக்ராவில் இறக்கிவிடுவதாகப் பேச்சு. வண்டி, பெர்மிட், பூட்டான் அரசு வரி எல்லாம் சேர்த்து 38,500. வண்டி இந்தியப் பக்க எல்லை ஊரான ஜெய்கானில் நின்றது. அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை.

ஏஜென்ட் பெயர் போடவில்லை. போட்டுப் பிரயோஜனமும் இல்லை. ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், ஒரு வாட்ஸ்அப் நம்பர், அவ்வளவுதான். நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பான்.

விவரம் தெரியாமல் மாட்டவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பணம் போட்டது. அதுதான் எரிச்சல்.

சுற்றுலா வருகிறவர்களிடம் பூட்டான் அரசு வாங்கும் எஸ்.டி.எஃப். வரி, இந்தியர்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய். 2022 செப்டம்பரில் எல்லையை மறுபடி திறந்ததிலிருந்து இப்படித்தான். நாலு பேருக்கு நாலு ராத்திரிக்கு 19,200. இந்திய நம்பர் வண்டி பூட்டான் பக்க எல்லை ஊரான புன்ட்சோலிங்கைத் தாண்டினால் வண்டிக்குத் தனியாக ஒரு நாளைக்கு 4,500 வரி. ஐந்து நாளுக்கு 22,500. இரண்டும் சேர்ந்தாலே 41,700. டீசல், டிரைவர் பேட்டா எதுவும் இதில் இல்லை. அப்புறம் எப்படி 38,500-க்கு முடியும்?

இதையேதான் அவனிடமும் கேட்டது. பதில் தயாராக இருந்தது: "அண்ணா, நம்ம வண்டி இந்திய வண்டியே இல்ல. பூட்டான் டாக்சி. பாக்டோக்ராவுக்கே வந்து ஏத்திக்கும். அந்த 4,500 நமக்குக் கிடையாது." கூடவே ஒரு போட்டோ. வெள்ளை வண்டி, மஞ்சள் நம்பர் பலகை, பி.டி. என்று தொடங்கும் எண். பூட்டானில் பி.டி. என்றால் டாக்சி, பி.பி. என்றால் சொந்த வண்டி. பூட்டான் டாக்சிகள் பாக்டோக்ராவுக்கு வந்து ஆள் ஏற்றிப் போவதும் உண்மைதான். 19,200 போக மிச்சம் 19,300, ஐந்து நாள் டாக்சிக்குப் பொருந்துகிற தொகை. விஷயம் தெரிந்தவன் பேச்சு. அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது. பத்தாயிரம் அட்வான்ஸ். மறுநாள் "வரியை இன்னைக்கே கட்டணும்ணா" என்றதும் மிச்சம் 28,500. இரண்டும் யூபிஐ. இரண்டும் ஒரு தனிநபர் பெயரில்.

ஏர்போர்ட் வாசலில் வந்ததும் மஞ்சள் பலகைதான். கிட்டே போனால் டபிள்யூ.பி. மேற்கு வங்காள டாக்சிக்கும் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துதான், தூரத்தில் வித்தியாசம் தெரியாது. டிரைவரிடம் கேட்டால் தனக்கு வந்த ஆர்டர் ஜெய்கான் டிராப் மட்டும் என்கிறார். பாவம், அவர் மேல் தப்பில்லை. ஏஜென்டுக்குப் போன் போட்டால், "பார்டர்ல வண்டி மாத்திக்கலாம்ணா, நம்ம ஆள் நிப்பான்." நாலு மணி நேர ஓட்டம். ஜெய்கானில் எவனும் நிற்கவில்லை.

பெர்மிட் என்று அனுப்பிய பி.டி.எஃப். அதைவிட மோசம். சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது, நாலு பேர் பெயருக்கு நேரே ஆதார் நம்பர் இருந்தது. பூட்டானுக்குள் போக ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டைதான். எல்லை கவுன்ட்டரில் எண்ணை அடித்துப் பார்த்தவர் "அப்படி ஒன்று இல்லை" என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். எஸ்.டி.எஃப். ஒரு ரூபாய்கூடக் கட்டப்படவில்லை. ஆதார் காப்பி கேட்டபோதே உறைத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் பேச்சு இப்படிப் போனது. "சிஸ்டம் டவுன்ணா." "பூட்டான் பார்ட்னர் மீட்டிங்ல இருக்கார்." "24 மணி நேரத்துல ரீஃபண்ட்." மறுநாள், "வண்டி வந்துச்சுல்ல, அந்தக் காசு கழிச்சுத்தான் வரும்." சரி, கழித்துக்கொண்டு மிச்சத்தையாவது கொடு என்றதும் குரல் மாறியது: "நீங்கதான் கேன்சல் பண்ணீங்க." இப்போது அனுப்பும் மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக். 38,500-ல் திரும்ப வந்தது பூஜ்ஜியம். எஸ்.டி.எஃப். 19,200 இரண்டாம் முறையாகக் கட்டி, புன்ட்சோலிங்கில் டாக்சி பிடித்து, ஒரு நாள் தாமதமாகத் திம்பு.

பூட்டானுக்குப் போகிற எல்லா வழியையும் விலாவாரியாக எழுத உட்கார்ந்தது. இருக்கிற கோபத்தில் கை ஓடவில்லை. முக்கியமானது மட்டும்:

விமானம் என்றால் பாரோ. அங்கே இறங்குவது ட்ரூக் ஏர், பூட்டான் ஏர்லைன்ஸ் இரண்டும்தான். வேறு எந்த ஏர்லைன் பெயரில் "நேரடி பாரோ டிக்கெட்" என்றாலும் பொய். பள்ளத்தாக்குக்குள் மலைகளுக்கு நடுவே கண்ணால் பார்த்து இறக்க வேண்டிய ரன்வே, பகலில் மட்டும்தான் இயங்கும். மேகம் இறங்கினால் தாமதம், ரத்து. அதே நாளில் அடுத்த விமானம் மாறுகிற மாதிரி டிக்கெட் போடாதீங்க.

ரயில் என்றால் நியூ ஜல்பைகுரிக்குப் பதில் ஹாசிமாரா வரை போடுங்க. அங்கிருந்து ஜெய்கான் இருபது கிலோமீட்டருக்குள். சிலிகுரி டென்சிங் நார்கே பஸ் நிலையத்திலிருந்து ஜெய்கானுக்குப் பஸ்ஸும் உண்டு.

எஸ்.டி.எஃப். பணத்தை எவன் கையிலும் கொடுக்காதீங்க. அரசுத் தளத்திலோ கவுன்ட்டரிலோ நீங்களே கட்டி ரசீது வாங்குங்க. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பிறப்புச் சான்றிதழ் அசல் கையில் இருக்கட்டும்.

புன்ட்சோலிங் வரை ஒரு வண்டி, அங்கிருந்து பூட்டான் வண்டி. இரண்டுக்கும் தனித்தனியாக, ஏறிய பிறகு பணம். இல்லை, பூட்டான் வண்டிதான் பாக்டோக்ராவுக்கு வரும் என்றால் முதல் நாள் நம்பர் பலகையோடு டிரைவரை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்க. போட்டோ வேண்டாம்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இங்கே ரீஃபண்ட் வரும் வரும் என்று காத்திருந்ததில் இரண்டு நாள் போய்விட்டது. இதே பி.டி. போட்டோவை வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் கமென்ட்டில் போடுங்க, புகாரோடு சேர்க்கணும்.