டாஃப்-2 டிஏ: பச்சையைக் கண்டதும் நம்பிவிடாதீர்கள்

நைத்திரிக் ஒட்சைட்டைக் கண்டால் பச்சையாக ஒளிரும் டாஃப்-2 டிஏ சாயத்தைக் கொழும்பில் இருந்துகொண்டு ஓர்டர் பண்ணலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு குப்பியை முழுதாகப் பாவித்து முடித்துவிட்டேன். இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு விடுகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. குழாயைத் தளர்த்தும் அந்த வாயு உடலுக்குள் சில வினாடிகளே தங்கும். அதனால் இப்படியொரு சாயம் வேண்டியிருக்கிறது.

1998இல் ஜப்பானின் நகானோ குழு வெளியிட்ட சாயம் இது. வடிவமைப்பு எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். இரண்டு அசற்றேற்றுத் தொப்பிகளோடு கலச்சவ்வைக் கடந்து உள்ளே போகும். உள்ளேயிருக்கும் எசுத்தரேசு நொதியம் தொப்பிகளை வெட்டிவிட, சாயம் சுலபமாக வெளியே வராது. அதன் இரண்டு அமீன் கூட்டங்கள் ஒளிர்வை அடக்கி வைத்திருக்கும். நைத்திரிக் ஒட்சைட்டு ஒட்சிசனோடு சேர்ந்து வந்து அவற்றைத் திரையசோல் வளையமாகக் கட்டியதும் அந்த அடக்கம் போய்விடும். 495 நானோமீற்றர் நீல ஒளி கொடுத்தால் 515இல் பச்சை வரும்.

முதல் நாள் இருட்டறையில், ஒவ்வொரு கலமாகப் பச்சை பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பொதி சுங்கத்தில் நின்று, என்னிடம் வந்தபோது ஐஸ் கரைந்திருந்தது. நல்லவேளை, சாயம் கெடவில்லை. வந்த அன்றே சின்னச் சின்ன பங்காகப் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி, மறை 20 பாகையில் வைத்துவிடுங்கள். உருக்கி உருக்கித் திரும்ப உறைய வைத்த பங்கில், ஒன்றும் சேர்க்காத கலங்களே மங்கலாகப் பச்சை காட்டின. அந்த வாரத்து வேலை முழுக்க வீண்.

பெரிய பாடம் நெல்லிக்காயில்தான். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய நெல்லியின் சாற்றைக் கலங்களில் இட்டதும் பச்சை கொட்டியது. இரண்டு நாள் தலைகால் புரியாத சந்தோஷம். அப்புறம் ஒரு அக்கா, “கலம் இல்லாமல் போட்டுப் பார்த்தியா?” என்று கேட்டார். தொப்பியை வெட்டக் கலம் இருக்காதே என்று, தொப்பி இல்லாத டாஃப்-2ஐ கொஞ்சம் கேட்டு வாங்கி, சோதனைத் தட்டில் கலமே இல்லாத குழியில் சாற்றோடு கலந்தேன். அங்கேயும் பச்சை! சாற்றை மட்டும் வைத்தால் இருட்டு. விற்றமின் சி ஒட்சியேறி உண்டாகும் டீஹைட்ரோ அஸ்கோபிக் அமிலமும் இந்தச் சாயத்தோடு சேர்ந்து ஒளிரும் என்பது ஏற்கெனவே பதிவான விஷயம். நான்தான் வாசிக்காமல் விட்டிருந்தேன். மூலிகைச் சாறுகளில் வேலை செய்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். தயவுசெய்து கலமில்லாத குழியை முதல் நாளே வையுங்கள். எல்-நேம் என்ற தடுப்பானைக் கொடுத்து, நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும் நொதியத்தை அடக்கிய குழியும் ஒன்று இருக்கட்டும். அங்கேயும் பச்சை குறையாவிட்டால் நம்பாதீர்கள்.

இன்னொன்று: இந்தத் தாக்கம் மீளாது. வாயு குறைந்தாலும் பச்சை குறையாது. ஏறி இறங்கும் வரைபுக் கோட்டை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். விட்டதா, எதில் கூட விட்டது என்று பார்க்க இது போதும், கொடுத்த காசுக்குத் தகும். பீஎச் 7க்குக் கீழே போனால் டாஃப்-2இன் ஒளிர்வு மங்கும். அதனால் அடுத்த ஓர்டரில், அந்தத் தொல்லை குறைந்த டாஃப்-எஃப்எம் என்ற சாயத்தையும் ஒரு குப்பி சேர்த்திருக்கிறேன்.