புதுச்சேரியை ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிறேன் என்றவரிடம் ஏமாந்தோம், போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரி போனேன். வெள்ளி இரவு திருச்சியில் பேருந்து ஏறினோம். சனி இரவே திரும்பவும் டிக்கெட் போட்டிருந்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு பகல். அந்தப் பகலைத்தான் ஒரு ஆட்டோ தரகர் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். போன பணத்தைவிட அதுதான் இன்னும் மனதில் ஆறவில்லை. விடுமுறை வருகிறது, நிறையப் பேர் குடும்பத்தோடு கிளம்புவீர்கள். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 68. எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் படம் இருக்கிறது. அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கொடுத்த படம் அது. அரவிந்தர் ஆசிரமத்தில் சமாதி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், இதைத் தவிர அம்மா எதுவும் கேட்கவில்லை. பையனுக்கு யானையும் படகும் பார்க்க வேண்டும். எனக்குக் கடல் போதும்.

ஐந்தரைக்கு இறங்கி, பக்கத்து லாட்ஜில் குளித்து உடை மாற்ற மட்டும் அறை எடுத்து, ஆறரைக்கு வெளியே வந்தோம். பேருந்து நிலையத்துக்கு வெளியே டீக்கடை வாசலில் அவர் எங்களைப் பிடித்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான பேச்சு. சட்டைப் பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு அட்டையை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அதில் ஒன்பது படங்கள்: மணக்குள விநாயகர் கோயில் யானை, ஆசிரமம், தாவரவியல் பூங்கா, இருதய ஆண்டவர் பசிலிக்கா, ஆரோவில் மாத்ரிமந்திர் தியான மண்டபம், சுண்ணாம்பாறு படகுத்துறை, இப்படி. "ஒரே நாள்ல ஒன்பது இடம்மா. மூணு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. வேற பைசா வேண்டாம்" என்றார். பையன் யானைப் படத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் கடற்கரைக்குப் போகலாம் என்றேன். "காலையில பீச் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க மேடம். கடைசியா காட்டுறேன். எட்டு மணிக்கு வண்டி வந்துடும், நீங்க டிபன் சாப்பிட்டுட்டு இருங்க" என்றார். வண்டி விடமாட்டார்கள் என்பது உண்மை. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அந்தச் சாலையில் வாகனங்களுக்குத் தடை. ஆனால் அந்தத் தடையே நடப்பவர்களுக்காகத்தான். ஊர்க்காரர்கள் எல்லோரும் அந்த நேரத்தில்தான் அங்கே நடக்கிறார்கள், கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கிறார்கள். ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போய்ப் பக்கத்துத் தெருவில் இறங்கியிருந்தால் நாங்களும் காலை வெயிலில் அங்கே நடந்திருப்போம். அதற்குப் பதில் ஓட்டல் வாசலில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.

எட்டேகாலுக்கு மணக்குள விநாயகர் கோயில். தரிசனம் நன்றாகக் கிடைத்தது. யானை எங்கே என்று பையன் கேட்க, வாசலில் அருகம்புல் விற்ற அம்மா அவனைப் பக்கத்தில் இழுத்து, "லட்சுமி செத்துப் போச்சு கண்ணு, வருஷமாச்சு" என்றார். 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்துவிட்டதாம், ஊரே அழுததாம். அவர் சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். செய்தியில் நானும் பார்த்திருக்கிறேன், அட்டையைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. இறந்துபோன யானையின் படத்தைக் காட்டி ஒரு குழந்தைக்கு ஆசை காட்டியிருக்கிறார் என்று புரிந்த அந்த நிமிடமே நான் கணக்கை முடித்திருக்க வேண்டும்.

ஆசிரமம் அந்தக் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம்தான், ஐந்து நிமிடம்கூட ஆகாது. காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள், நாங்கள் நிற்கும்போது திறந்துதான் இருந்தது. அம்மா கேட்டார்கள். "இப்ப கூட்டமா இருக்கும்மா, திரும்பி வரும்போது நிம்மதியா உட்காரலாம்" என்றார் அவர், வண்டியை ஓட்டியதும் அவர்தான். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டார்கள்.

அப்புறம் தொடங்கியது கடை கடையாக ஏறி இறங்குவது. முதலில் ஊதுபத்தியும் கைக்காகிதமும் விற்கிற கடை, "ஆசிரமப் பொருள், வெளியில கிடைக்காது" என்றார்கள். அடுத்தது துணிக்கடை. மூன்றாவது கல் நகைக் கடை. ஒவ்வொன்றிலும் முப்பது, நாற்பது நிமிடம். வெளியே வந்தால் ஓட்டுநர் இருக்க மாட்டார், டீ குடிக்கப் போயிருப்பார். நடுவில் பசிலிக்காவில் பத்து நிமிடம், தாவரவியல் பூங்காவில் கால் மணி நேரம். முதல் கடையில் அம்மா ஆறு பாக்கெட் ஊதுபத்தி வாங்கினார்கள், ஒன்று 180 ரூபாய். ஆட்டோவில் சும்மா உட்கார்ந்திருந்த பையன் ஒரு பாக்கெட்டில் விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினான். அடியில் அச்சில் 60 ரூபாய் என்று இருந்தது. பின்பக்கம் தயாரிப்பு முகவரி வேறு மாநிலத்து ஊர். ஆறிலும் பார்த்தேன், ஆறும் அப்படித்தான். இதை ஓட்டுநரிடம் காட்டினேன். "அது கடைக்காரர் சமாச்சாரம் மேடம்" என்று முடித்துக்கொண்டார்.

ஆசிரம வாசலுக்கு அவர் எங்களைக் கொண்டுவந்தபோது மணி 12.10. கதவு சாத்தியிருந்தது. பகல் 12 முதல் 2 வரை பார்வையாளர்களை விடுவதில்லை. தினமும் அந்தத் தெருவில் ஓட்டுகிறவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வெயிலில் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். 1950-இல் அரவிந்தரையும் 1973-இல் அன்னையையும் வைத்த சமாதி அந்தச் சுவருக்கு உள்ளே, மர நிழலில் இருக்கிறது. இதற்காகத்தான் ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரெண்டு மணிவரை இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். ஆரோவில் பாஸ் நேரம் தவறிவிடும் என்றார். பாஸ் என்று அவர் சொன்னது, காலையிலேயே தலைக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த மூன்று துண்டுச் சீட்டுகள். ஊதா மையில் ஒரு முத்திரை, கையால் எழுதிய தேதி. மாத்ரிமந்திருக்குள்ளேயே போய்த் தியானம் செய்யலாம் என்று சொல்லித்தான் 600 ரூபாய் வாங்கினார். "வேற பைசா வேண்டாம்" என்றது அப்போதே பொய்யாகிவிட்டது.

ஆரோவில் பார்வையாளர் மையத்தில் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்த பெண், "இது எங்களுடையது இல்லை" என்றார். பாவம், எங்களைப் பார்த்து அவருக்கே சங்கடம். தூரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கான பாஸ் இலவசம், அதை அங்கேயே கொடுத்தார். ஒரு சிறு படம் போட்டுக் காட்டிவிட்டு அனுப்புகிறார்கள். உள்ளே போய்த் தியானம் செய்ய முன்பதிவு செய்ய வேண்டும், அதை நாமே நேரடியாகச் செய்ய வேண்டும், பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. அதாவது என் மகன் பேரில் வாங்கிய 200 ரூபாய் எப்படிப் பார்த்தாலும் மோசடி. ஒரு கிலோமீட்டர் போல நடந்து போய்ப் பார்த்தோம். அந்தத் தங்க உருண்டை வெயிலில் ஜொலித்தது. அம்மா ஆலமர நிழலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். அன்றைய நாளில் யாரும் அவசரப்படுத்தாத அரை மணி நேரம் அதுதான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரோவில் ஊருக்கு வடக்கே, சுண்ணாம்பாறு ஊருக்குத் தெற்கே கடலூர் சாலையில். இரண்டுக்கும் நடுவில் முழு ஊரும் இருக்கிறது, அதில் இன்னொரு கடையும் இருந்தது. படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாரடைஸ் பீச் போகும் படகுகளுக்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் திரும்பி வருகிற படகுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அங்கிருந்து ஆசிரமத்துக்கு விடச் சொன்னேன். ஒன்பது இடமும் முடிந்துவிட்டது என்று பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தி, 2,900 ரூபாய் கேட்டார். பேசிய 1,800, காத்திருப்புக்கு 600, ஆரோவில் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பதால் பர்மிட் 500. ஆரோவில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பது நிஜம். ஆனால் பர்மிட் கட்டியதற்கு ரசீது கேட்டால் அவரிடம் இல்லை, வழியில் எங்கேயும் அவர் நிறுத்திக் கட்டவும் இல்லை. நான் சத்தம் போட்டேன். இன்னும் இரண்டு பேர் வந்து சூழ்ந்து நின்றார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "விடும்மா, கொடுத்துடு, புள்ள பயப்படுறான்" என்றார்கள். கொடுத்தேன். பாஸையும் சேர்த்தால் 3,500, ஊதுபத்தி தனி.

வேறு ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போவதற்குள் ஆறு மணி தாண்டிவிட்டது, ஆசிரமமும் மூடிவிட்டது. காந்தி சிலைக்குப் பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட காவலர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். நின்று பொறுமையாகக் கேட்டார். "வண்டி நம்பர் சொல்லுங்கம்மா, இப்பவே ஸ்டேஷன்ல சொல்றேன்" என்றார். என்னிடம் நம்பர் இல்லை. பகல் முழுக்க அந்த வண்டியில் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. நீங்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்: ஏறும் முன்பே நம்பர் பலகையைப் போட்டோ எடுங்கள், பேசிய தொகையை அவர் எதிரிலேயே வீட்டில் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தகராறு வந்தால் 112-க்கு அழையுங்கள்.

அன்று இரவு பேருந்து வரும்வரை அந்தச் சாலையில் நடந்தபோதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. பார்க்க வந்தவை ஏறக்குறைய எல்லாமே ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் இருக்கின்றன, பெரும்பாலும் இலவசம். காந்தி சிலை, 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் மூன்றும் ஒரே சாலையில். இரண்டு தெரு உள்ளே பாரதி பூங்காவும் ஆயி மண்டபமும். அங்கிருந்து நான்கு எட்டு வைத்தால் கோயில், ஆசிரமம். விடியற்காலையில் கடற்கரையில் தொடங்கி, எட்டு மணிக்கு ஆசிரம வாசலில் நின்று, பிறகு கோயில், பூங்கா என்று நடந்தால் பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். வயதானவர்கள் இருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக ஆட்டோ பேசுங்கள், மீட்டர் போட மாட்டார்கள், ஆனாலும் நாள் வாடகையைவிடக் குறைவுதான் ஆகும். மதியத்துக்கு மேல் ஆரோவில் அல்லது சுண்ணாம்பாறு, ஏதாவது ஒன்று மட்டும். இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். சுண்ணாம்பாறு என்றால் காலையிலேயே போய்விடுவது இன்னும் நல்லது. ஆசிரமத்துக்கு மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள், அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஊரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அருகம்புல் விற்ற அம்மாவும், ஆரோவிலில் அந்தப் பெண்ணும், காவலரும் அதே ஊர்தான்.

ஊதுபத்தியை அம்மா ஏற்றவே இல்லை, ஆறு பாக்கெட்டும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. அடுத்த மாதம் மறுபடி அழைத்துப் போகிறேன், இந்த முறை ஒரு இரவு தங்குவதற்கும் அறை போட்டாகிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு வெளியே யானைப் படம் போட்ட லேமினேட் அட்டையை உங்களிடம் யாராவது நீட்டினால், அது அவர்தான்.